லேசாக மிதித்தால் மட்டும்

புது பேட் போட்ட மூன்றாம் நாள்
நானுஓயா இறக்கத்தில் கத்தத் தொடங்கியது கார்.
எவர்சில்வர் தட்டைச் சீமெந்துத் தரையில்
காலால் தள்ளுகிற சத்தம்.
கரட் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.
லீக்ஸ் கட்டிக்கொண்டிருந்த பெண்
கட்டை விட்டுவிட்டுச் சிரித்தாள்.

“புதுசு, தேயட்டும்” என்றார் போனில் டெஸ்மன்ட் பாஸ்.
“டூப்ளிகேட்” என்றான் தம்பி, விலையைக்கூடக் கேட்காமல்.
கழற்றி எறி என்றார் கென்டீன் முதலாளி,
அவரிடம் கார் கிடையாது.

நான் ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுக்கிறவள்.
நெஞ்சில் ஆறு, கை கால்களில் நான்கு,
ஒட்டிவிட்டால் தாள் பேசும்.
இதற்குத் தாள் இல்லை.
ஆகவே வாசல் பெஞ்சில் நோயாளிகளைக் கேட்பதையே
காரிடமும் கேட்டேன்:
ஏறும்போதா, இறங்கும்போதா?
குளிரிலா, சூடேறிய பிறகா?
அழுத்தினால் கூடுதா, குறையுதா?

பதிலை மிச்சச் சுருளின் பின்பக்கம் எழுதிவைத்தேன்.
திங்கள் காலை, பனி: இல்லை.
திங்கள் மாலை, பிளாக்பூல் சந்தி: உண்டு, நீளமாக.
செவ்வாய், ரிவர்ஸ்: ஒரு முனகல்.
புதன்: இடது முன்சில்லு. ஆழ மிதித்தால் அடங்குகிறது.
லேசாக மிதித்தால் மட்டும்.

எழுதிய கை அங்கேயே நின்றுவிட்டது.
போன மாதம் சன்னாசி என்று ஒருவர்.
“கொழுந்து மூட்டை தூக்கையில ஒண்ணுமில்ல மிஸ்ஸி,
சும்மா குந்தியிருந்தாத்தான் நெஞ்சு பிடிக்குது” என்றார்.
சும்மா இருக்க உங்களுக்கு நேரம் கிடைக்குதா என்று
சிரித்துவிட்டேன்.
தாளில் எதுவும் விழவில்லை. அனுப்பிவிட்டோம்.

சனிக்கிழமை கராஜில்
பாஸ் ஓட்டிப் பார்த்தார். கத்தவில்லை.
திரும்ப ஓட்டினார்.
நல்ல பிள்ளை மாதிரி நின்றது.
“சத்தியமா கத்திச்சு” என்றேன்,
என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது.
அவர் என்னை ஒருதரம் பார்த்தார், பிறகு ஜெக்கை எடுத்தார்.

சில்லைக் கழற்றினால்
பேட்டின் முகம் கண்ணாடியாய் மினுங்கியது.
“படியவே விடல்லையே மிஸ்.
இங்கருந்து நேரா இறக்கத்துல விட்டு
கால அதுமேலயே வச்சிருக்கிறீங்க.”
பின்தகட்டில் கிறீஸ் இல்லை;
அது தன் பையன் மறந்தது என்று
மெதுவாகச் சொன்னார்.
அரத்தாளில் தேய்த்து, விளிம்பைச் சாய்வாக அராவி,
சம்பளத்துக்கு முந்தின நாள்
பாணில் மாஜரின் தடவுகிற கைக்கணக்கில் கிறீஸ் பூசினார்.
“ஐம்பதுல போய் பத்துக்கு இறக்குங்க.
நிக்கப்படாது. பத்துத் தரம்.
சமதளமாப் பாத்துச் செய்யுங்க.”

சமதளம்!
ரம்பொடையில் வளைவு, ராகலையில் இறக்கம்,
லபுக்கலையில் இரண்டும், கூடவே பஸ்.
எங்கள் ஊரில் நேராக ஓடக் கொடுத்துவைத்தது
குதிரை மட்டும்தான்.

ஆகவே ஞாயிறு விடியற்காலை ஐந்து மணி,
ரேஸ்கோர்ஸ் ஓரத்து ரோட்டில்
போனேன், மிதித்தேன், விட்டேன், போனேன்.
நாலாவதில் டோர்ச் அடித்து மறித்தார் ராலஹாமி.
ஆளே இல்லாத ரோட்டில்
யாருக்கு பிரேக் அடிக்கிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார்.
பேட்டுக்குச் சிங்களம் பேட்தான்,
மற்றதைக் கையால் சொன்னேன்.
தன் மோட்டார் சைக்கிளும் கத்துவதாகச் சொல்லி
தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்து
மதகில் உட்கார்ந்து எண்ணினார்.
ஹய. ஹத. அட்ட.
பத்தில் கருகல் வாசனை வந்தது, சத்தம் வரவில்லை.
காலை எடுத்துக்கொண்டு
ஏரிப்பக்கம் மெல்ல உருட்டி ஆறவிட்டேன்.

ரிவர்ஸில் மட்டும் இன்னும் முனகுகிறது.
எழுதி வைத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை பெஞ்சில் சன்னாசி,
துவாயைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு.
நான்தான் தோட்டத்து டிஸ்பென்சரிக்குச் சொல்லியனுப்பியிருந்தேன்.
“சும்மா இருக்கையில எந்த நேரம்?
எவ்வளவு நேரம் நிக்குது?
குளிரிலயா, சாப்பிட்ட பிறகா?”
அவர் சந்தேகமாய்ப் பார்த்தார்.
“இப்ப இல்ல மிஸ்ஸி.
இங்க வந்து குந்தினதும் நின்னுபோச்சு.
சத்தியமா இருந்திச்சு.”

தெரியும் என்றேன்.
புதுச் சுருள் மாட்டி,
வருகிறவரைக்கும் படுத்திருங்க என்றேன்.